சனிபெல் தீவிலே ஒரு காலைப்பொழுது

மீன் உண்ணாதவன் மீன்பிடியைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கு இடமாகலாம். எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. தூண்டிலை நான் என் வாழ்நாளிற் கையாலே தொட்டதுமில்லை. ஆயினும் சென்ற சித்திரை விடுமுறையில், ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையிலுள்ள புளோரிடா மாநிலத்திலே, தங்கையின் குடும்பத்தாரோடு ஒரு தீவிற் கழித்த காலைப்பொழுது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனைப் பற்றி எழுதியே தீரவேண்டிய கடமையொன்றும் எனக்கு உண்டு. அக்கடமை யாதென்பதை இறுதியிற் கூறுவேன்.

தங்கையின் வீடு போர்ட் மயேர்ஸ் என்னும் நகருக்கு அண்மையில் உள்ளது. அங்கிருந்து தென்மேற்கே மெக்சிக்கோ வளைகுடாவை நோக்கிச் செல்லும் நெடும்பாலத்தைக் கடந்தால் சனிபெல் தீவை அடையலாம். அத்தீவின் பெரும்பகுதி வனசீவராசிகளின் புகலிடமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றது. புகலிடம் என்றதும், மனிதர் புகாதவாறு வேலியிட்டு அடைத்த காடு ஒன்றை நான் மனத்திற் கற்பனை செய்திருந்தேன். என் மைத்துனரோ தூண்டிற் கோல்களை எடுத்து மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"புகலிடத்துக்குள்ளே மீன் பிடிக்கலாமா?" என்று வியப்போடு கேட்டேன்.

"பிடிக்கலாம், மச்சான். ஆனால் நினைத்தபடி பிடிக்க ஏலாது," என்று சிரித்தார் அவர்.

முதலில் நாங்கள் வெள்ளிக்கிழமை புறப்படுவதாகவே எண்ணியிருந்தோம். வெள்ளிக்கிழமைகளிற் புகலிடத்தின் உட்பாதை பூட்டப்பட்டிருக்கும் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. வாரத்தில் ஒருநாள் அங்குள்ள உயிர்களுக்கு மனிதரிடமிருந்து ஓய்வு கொடுக்கிறார்களாம். "எங்கள் ஊரிலும் வெள்ளிக்கிழமை மீனுக்கு ஓய்வுதானே!" என்றேன். தங்கை உரக்கச் சிரித்தாள். பன்னிரண்டு வயதான மருமகனுக்கு அது விளங்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளின் வெள்ளிக்கிழமைச் சமையலைப் பற்றி அவனுக்கு விளக்கிக் கூறவேண்டியதாயிற்று.

தொப்பியும் இறகும்

சனிக்கிழமை விடியுமுன்னரே பாலத்தைக் கடந்தோம். 1963ஆம் ஆண்டிலேதான் இத்தீவுக்குப் பாலம் அமைந்தது. 2022ஆம் ஆண்டு செப்தெம்பர் 28ஆந் திகதி வீசிய இயன் என்னும் சூறாவளி அப்பாலத்தைப் பல இடங்களில் அறுத்துத் தீவைத் தனிமைப்படுத்திவிட்டது. பாலத்தைச் செப்பனிட்டுவிட்டார்கள். ஆனால் இலையுதிர்ந்து எலும்புக்கூடுகள் போல் நிற்கும் கண்டல் மரங்கள் சில, கடல் பொங்கிவந்த அந்நாளை இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன.

பாலத்தின் மேலாகக் கூழைக்கடாக்கள் வரிசையாய்ப் பறந்தன. நம் நாட்டுக் கூழைக்கடா நீந்தியபடியே மீனை அள்ளும். இந்தக் கபில நிறக் கூழைக்கடாவோ வானிலிருந்து தலைகீழாக வீழ்ந்து நீரைப் பிளந்து மீனைக் கவ்வுகின்றது. அமெரிக்காவின் புகலிடங்களெல்லாம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்த பறவையும் இதுவே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே பெண்களின் தொப்பிகளை இறகுகளால் அலங்கரிப்பது மேல்நாட்டு நாகரிகமாயிருந்தது. கொக்கின் இறகு பொன்னுக்கு நிகரான விலை போயிற்று. புளோரிடாவின் பறவைக் கூட்டங்கள் துப்பாக்கிக்கு இரையாகி அழிந்தன. அதனைத் தடுக்கும் பொருட்டு, 1903ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆந் திகதி, சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அம்மாநிலத்தின் கீழைக்கரையிலுள்ள பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கினார். சில ஏக்கர் பரப்பேயுள்ள அத்தீவே அந்நாட்டின் முதலாவது தேசியப் புகலிடமாகும். அதனைக் காக்க நியமிக்கப்பட்ட போல் குரோகல் என்பவருக்கு மாதச் சம்பளம் ஒரு டொலர்! இன்று அத்தகைய புகலிடங்கள் ஐந்நூற்றெழுபதுக்கு மேல் உள்ளன.

சனிபெல் தீவின் புகலிடத்துக்கு "டிங்" டார்லிங் என்பவரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் புலிற்சர் பரிசை இருமுறை பெற்ற கேலிச்சித்திரக்காரர். 1934ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் உயிரினப் பாதுகாப்புப் பகுதிக்குத் தலைவராக அழைக்கப்பட்டார். நீர்ப்பறவைகளை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் ஒரு முத்திரையை வாங்கவேண்டும், அப்பணத்தினாற் சதுப்பு நிலங்களைக் காக்கவேண்டும் என்னும் ஏற்பாடு அவ்வாண்டிலே நடைமுறைக்கு வந்தது. முதல் முத்திரையின் சித்திரத்தை வரைந்தவரும் அவரே. புகலிடங்களின் எல்லைப் பலகைகளிற் பறக்கும் நீலவாத்தும் அவர் கைவண்ணந்தான். அவருடைய முயற்சியினால் 1945ஆம் ஆண்டில் உருவான இப்புகலிடம், அவர் மறைந்த பின்னர், 1967ஆம் ஆண்டில் அவர் பெயரைப் பெற்றது.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

புகலிடத்தினூடே ஏறக்குறைய நான்கு மைல் நீளமான பாதையொன்று செல்கின்றது. நுளம்பைக் கட்டுப்படுத்துவதற்காக முன்னர் இட்ட அணையே இப்பொழுது பாதையாக விளங்குகின்றது. ஒருபுறம் குடாநீர், மறுபுறம் அணையால் மறிக்கப்பட்ட நீர்நிலை. இரண்டையும் மதகுகள் இணைக்கின்றன. கண்டல் வேர்களுக்கிடையே இளஞ்சிவப்பு நிறக் கரண்டிவாயன்கள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. காலை வெயில் அவற்றின் சிறகுகளிற் பட்டபோது தாமரை இதழ்கள் நடப்பதுபோல இருந்தது.

நான் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, மைத்துனர் சட்டத்தை விளக்கினார். அமெரிக்கப் புகலிடங்களிற் பொதுவிதி யாதெனில், திறந்துவிடப்பட்டதாக அறிவிக்கப்படும் வரை எல்லாம் பூட்டியதே என்பதாம். சாதாரண பொது இடங்களிலே தடுக்கப்படாததெல்லாம் அனுமதிக்கப்பட்டதாகும். புகலிடத்திலோ அனுமதிக்கப்படாததெல்லாம் தடுக்கப்பட்டதாகும். 1997ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று ஆறு காரியங்களுக்கு முதலிடம் கொடுக்கின்றது: வேட்டை, மீன்பிடி, உயிரினங்களைக் கண்டு மகிழ்தல், படம் பிடித்தல், இயற்கைக் கல்வி, விளக்கமளித்தல் என்பன அவை. அவற்றையும் அவ்வப் புகலிடத்தின் நோக்கத்துக்கு ஊறு விளையாத அளவிலேதான் அனுமதிக்கலாம். உயிர்களே வீட்டுக்காரர், மனிதர் விருந்தினர். விருந்தினர் எந்த அறைவரை வரலாம் என்பதை வீட்டின் நன்மையே தீர்மானிக்கின்றது.

மீன்பிடிப்போர் இருவகைச் சட்டங்களுக்குக் கட்டுப்படவேண்டும். எந்த மீனை, எந்தக் காலத்தில், எந்த அளவிற் பிடிக்கலாம் என்பதை மாநிலம் விதிக்கின்றது. எந்த நீரிற் பிடிக்கலாம், எவ்வழியாகச் செல்லலாம் என்பதைப் புகலிடம் விதிக்கின்றது. அணைக்குட்பட்ட நீர்நிலைகளுக்குள் ஓடங்கள் நுழையக்கூடாது. குடாவின் ஒரு பகுதியில் இயந்திரப் படகோட்டுதல் தடுக்கப்பட்டுள்ளது. அங்கே துடுப்பும் மரக்கோலுமே துணை. நீலநண்டை வீச்சுவலையாலோ கூட்டாலோ பிடிக்கலாகாது. கைவலையால் மாத்திரமே அள்ளலாம். ஒருவருக்கு ஒருநாளில் இருபது நண்டுகள். அவற்றுட் பெண்நண்டுகள் பத்துக்கு மேற்படலாகாது.

"கோலைக் கொஞ்சம் பிடித்துப் பாருங்களேன்," என்று மைத்துனர் என்னிடம் நீட்டியவர், உடனே கையை இழுத்துக்கொண்டார். "மறந்துபோனேன், உங்களிடம் அனுமதிப்பத்திரம் இல்லை!" மாநிலத்தவரல்லாதார் கரையில் நின்று தூண்டில் போடுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மூன்று நாட்களுக்குப் பதினேழு டொலர். மீன் அகப்படவேண்டும் என்பதில்லை, முயல்வதே போதுமாம். பதினாறு வயது நிரம்பாதோருக்குப் பத்திரம் தேவையில்லை. ஆகவே அக்கரையில் மருமகனுக்கு இருந்த உரிமை அவன் மாமனுக்கு இருக்கவில்லை. நான் கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு நின்றேன்.

பெரிதானால் விட்டுவிடு

அவர்கள் நாடிச் சென்ற மீனுக்கு ஸ்னூக் என்று பெயர். நம் கடலிலுள்ள கொடுவாவை ஒத்த உருவம். உடலின் நீளத்துக்கு மையால் இழுத்தாற்போன்ற ஒரு கருங்கோடு. அப்பகுதியில் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 33 அங்குலத்துக்கு மேற்படாமலும் உள்ள ஸ்னூக் மீனை மாத்திரமே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதுவும் ஒருவருக்கு ஒருநாளில் ஒன்றுதான். மே மாதம் முதல் ஓகஸ்ட் வரையும், திசெம்பர் முதல் பெப்ரவரி வரையும் ஒன்றையேனும் வைத்துக்கொள்ள முடியாது.

சிறிய மீனை விடவேண்டும் என்பது எவர்க்கும் விளங்கும். பெரிய மீனை ஏன் விடவேண்டும்? இவ்வினாவை நான் கேட்டதும், மருமகன் வகுப்பறையில் விடை சொல்பவன்போல நிமிர்ந்து நின்றான். ஸ்னூக் மீன்கள் வளர வளர அவற்றுட் பல ஆணிலிருந்து பெண்ணாக மாறுமாம். ஆகையால் மிகப் பெரிய மீன்களிற் பெரும்பாலானவை பெண்களே. பெரிய பெண்மீன் மிகுதியான முட்டைகளை இடும். அதனைக் கொன்றால் அடுத்த ஆண்டு மீன்களையும் கொன்றதாகும்.

இம்மீன்கள் பட்ட துன்பங்களையும் தந்தை எடுத்துரைத்தார். 2010ஆம் ஆண்டு சனவரியில் வந்த கடுங்குளிரில் ஏராளமான ஸ்னூக் மீன்கள் இறந்தன. அதன்பின் 2013ஆம் ஆண்டு வரை வளைகுடாக் கரையில் ஒரு மீனையும் எவரும் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படவில்லை. 2017ஆம் ஆண்டு தொடங்கி நெடுநாள் நீடித்த செந்நீர்ப் பெருக்கில், நச்சுப்பாசியினாற் கரையெங்கும் மீன்கள் செத்தொதுங்கின. மறுபடியும் சில ஆண்டுகள் பிடித்ததை விட்டுவிடுமாறு விதித்தார்கள். அவ்விதமாகக் காத்திருந்தவர்களின் பொறுமையினாலேயே அன்று அந்நீரில் மீன் இருந்தது.

ஏழு மணியளவில் நீரோட்டம் மாறியது. அவ்வேளையில் மருமகனின் கோல் வில்லாக வளைந்தது. சுருளியிலிருந்து தங்கூசி நூல் சீறிக்கொண்டு ஓடியது. "மாமா, பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று அவன் கத்தினான். பாய்ந்து பிடிக்கப் போன என் கைகளைப் பதினேழு டொலர் தடுத்தது. தந்தை அவன் தோள்களைப் பிடித்து நிலைநிறுத்தினாரேயன்றிக் கோலைத் தொடவில்லை. நீரைக் கிழித்துக்கொண்டு ஒருமுறை துள்ளியது மீன். வெள்ளித் தகடொன்று சூரியனை வெட்டினாற்போல் இருந்தது. நெடுநேரப் போராட்டத்தின் பின்னர் அது கைவலைக்குள் வந்தது.

தந்தை கைகளை நீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் அழிந்துவிடுமாம். நனைத்த அளவுபலகையில் வாயை மூடி, வால்நுனிகளை ஒன்றுசேர்த்து, இமைப்பொழுதில் அளந்தார். பின்பு வலையோடு மீனை நீருக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு?" என்று மகனைக் கேட்டார்.

"முப்பத்துநாலு."

சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பையனின் கண்கள் கலங்கின. "ஒரு இஞ்சுதானே, அப்பா," என்றான். தந்தை மறுமொழி கூறவில்லை. அவன் என்னை நோக்கித் திரும்பினான். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ. ஒருத்தரும் பார்க்கேல்லை."

உண்மையாகவே ஒருவரும் பார்க்கவில்லை. பாதையில் ஒரு வண்டியுமில்லை, உத்தியோகத்தர் எவருமில்லை. இருபது ஆண்டுகளாக மாணாக்கருக்கு நீதிநூல் கற்பித்துவரும் நான், அந்தக் கணத்தில் எண்ணியதை மறைப்பதற்கில்லை. "பாவம், பிள்ளை கொண்டுபோகட்டுமே, ஓர் அங்குலத்தாற் கடல் வற்றிவிடுமா?" என்றே எண்ணினேன். அச்சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அவன் முழங்காலிட்டு வலையினருகே குனிந்தான். "இது அம்மா மீன்," என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு வலையின் விளிம்பைத் தானே தாழ்த்தினான். தந்தை மீனின் வயிற்றைத் தாங்கி நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்தார். செவுள்கள் இருமுறை மும்முறை விரிந்தன. வால் ஒருதரம் அசைந்தது. அந்தக் கருங்கோடு கலங்கல் நீருக்குள் மறைந்துபோயிற்று.

திரும்பும் வழியில்

கோல்களைக் கட்டுமுன்னர், கரையில் எவரோ விட்டுச்சென்ற தங்கூசித் துண்டுகளைப் பையன் பொறுக்கினான். இந்த நூல் எளிதில் உக்காது. கூழைக்கடாவின் சிறகிலும் காலிலும் சுற்றி அதனை மெல்லமெல்லக் கொல்லும். தீவிலேயே 1968ஆம் ஆண்டு தொட்டு வனசீவராசிகளுக்கென ஒரு மருத்துவசாலை இயங்கிவருகின்றது. தூண்டில் முள் பறவையிற் பட்டுவிட்டால் நூலை வெட்டிவிட்டு ஓடிவிடக் கூடாது என்பது மீன்பிடிப்போர்க்குச் சொல்லப்படும் முதற்பாடம். வெட்டினால் நூலோடு பறக்கும் பறவை ஏதேனும் ஒரு கிளையிற் சிக்கித் தொங்கி இறக்கும். மெதுவாக இழுத்தெடுத்து, தலையைத் துணியால் மூடி, முள்ளின் கொக்கியை வெட்டி அகற்றிவிட வேண்டும். இயலாவிடின் மருத்துவசாலைக்கு அறிவிக்கவேண்டும்.

விளையாட்டுக்காக ஓருயிரை முள்ளால் இழுப்பது எனக்கு இன்னும் உவப்பாயில்லை. விடப்பட்ட மீன்களிலுஞ் சில பின்னர் இறப்பதுண்டு. மைத்துனரிடம் அதனை ஒளியாமற் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. "ஆனால் மச்சான், இந்த நீரில் ஆசை வைத்தவர்கள்தான் இதற்காகக் காசும் கட்டுகிறார்கள், கேடு வரும்போது சத்தமும் போடுகிறார்கள்," என்றார். அவ்விடை என் மனத்தை முற்றாக மாற்றவில்லை. எனினும் அதனைத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் இதனை வகுப்பிலே கூறினேன். நமது சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இடம். என் மாணாக்கர் சிலருடைய தந்தையர் களப்பில் வலை போட்டுக் குடும்பங் காப்பவர்கள். அவர்களுக்கு மீன் பொழுதுபோக்கன்று. அது அரிசி, அது அப்பியாசக் கொப்பி. ஓய்வுநாளில் தூண்டில் போடுபவனுக்கு எழுதிய விதியை அவர்கள் தலையிற் சுமத்துவது நீதியாகாது. ஆனால் அந்த விதியை வழங்கும் முறையிலே நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. எது பூட்டியது, எது திறந்தது என்பதை அங்கே தெளிவாகச் சொல்கிறார்கள். ஏன் என்பதையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்கிறார்கள். ஆளில்லாக் கரையில் அன்று அந்த மீனைக் காத்தது அபராதத்தின் அச்சமன்று; "அம்மா மீன்" என்னும் அறிவே.

இனி என் கடமையைச் சொல்லவேண்டும். மீனை விரைவில் விடவேண்டும் என்ற அவசரத்தில் நாங்கள் ஒரு படமும் எடுக்கவில்லை. வீடு திரும்பும்போது பாலத்தின் நடுவே பையன் கவலையோடு கேட்டான்: "முப்பத்துநாலு இஞ்சு மீன் பிடிச்சனான் எண்டால் பள்ளிக்கூடத்தில் ஆர் நம்புவினம், மாமா?"

"நான் சாட்சி சொல்லுகிறேன்," என்றேன்.

"எழுதித் தருவீங்களோ?"

எழுதிவிட்டேன்.